பட்டாளத்து ஆளை எம்.பி. ஆக்கினால் ஊர் உருப்படுமா? (மேஜர் ஜெனரல் கண்டூரியை வைத்து ஒரு விவாதம்)

கேள்வி: ஒரு வாசகர், ஜூன் 4, மாலை 6.10

அரசியல்வாதிகளை நம்பி ஏமாந்தது போதும். கிராமத் தொகுதிகளை எல்லாம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுங்கள், ஐந்தே வருஷத்தில் நாடு நேராகிவிடும். வாஜ்பாய் காலத்தில் நாலுவழிச் சாலை போட்ட ஜெனரல் கண்டூரி ஒருவரே போதும் சாட்சிக்கு. மறுக்க ஆள் உண்டா?

ஜூன் 4, இரவு 9.40

உண்டு. நானும் பட்டாளத்து பென்ஷனில் சாப்பிடுகிறவன்தான், மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் பொறியாளர் படை. ஊர் வேலூர் பக்கம், கம்மவான்பேட்டைக்கு அருகில். அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பார் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் ராணுவத்தின் மேல் எனக்கு ஏதோ காழ்ப்பு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

கண்டூரியைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. புவன் சந்திர கண்டூரி, 1934-ல் டேராடூனில் பிறந்தவர். 1954-ல் ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து 1990-ல் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். அடுத்த வருஷமே பாஜக சார்பில், இமயமலையில் இருக்கும் கர்வால் மக்களவைத் தொகுதியில் நின்று ஜெயித்தார். 1996-ல் தோல்வி. அப்புறம் 1998, 1999, 2004, 2014 என்று அதே தொகுதியில் இன்னும் நாலு தடவை எம்.பி. நடுவில் மத்திய சாலைத்துறை அமைச்சர், உத்தராகண்ட் முதல்வராக இரண்டு தடவை.

சாலை விஷயத்தில் ஒரு திருத்தம். நாலு பெருநகரங்களை இணைத்த அந்த நாலுவழிச் சாலை, தங்க நாற்கரத் திட்டம், அவர் கண்டுபிடித்தது இல்லை. வாஜ்பாய் அறிவித்தது 1998-ல், அடிக்கல் நாட்டியது 1999 ஜனவரியில். கண்டூரி அந்தத் துறைக்கு வந்தது 2000 கடைசியில். பணம் எங்கிருந்து வந்தது என்றால், நீங்களும் நானும் போட்ட பெட்ரோல் டீசலில் லிட்டருக்கு ஒரு ரூபாய் வரி வைத்தார்கள், அதில் இருந்து. ஆனால் டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா என்று 5,846 கிலோமீட்டரை இழுத்துக்கொண்டு ஓடியவர் அவர்தான், அதை நான் மறுக்க மாட்டேன். வாலாஜாவில் இருந்து கிருஷ்ணகிரி வரை அந்தச் சாலையில் லீவுக்கு வந்து போனவன் நான். ஆம்பூரில் லாரிக்குப் பின்னால் லாரியாக நின்ற காலமும் தெரியும், அப்புறம் பஸ் பறந்த காலமும் தெரியும்.

ஜூன் 4, இரவு 11.15

மேலே ஒருவர் "கிராமத்துக்கு எல்லாம் தார் ரோடு வந்ததும் அவரால்தான்" என்கிறார். இல்லை. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25-ல் தொடங்கியது, அது ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கு. ஜெனரலின் கையில் இருந்தது நெடுஞ்சாலை. நெடுஞ்சாலை ஊரை ஒட்டித்தான் போகும், ஊருக்குள் வராது. நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஜூன் 5, காலை 7.30

முதலில் அந்தத் தொகுதியைப் பார்க்க வேண்டும். இங்கே உட்கார்ந்துகொண்டு "கிராமத் தொகுதி" என்றால் நமக்கு நெல்வயலும் ஏரியும் கண்முன் வரும். கர்வால் அப்படி இல்லை. பௌரி, சமோலி, ருத்ரபிரயாகை மாவட்டங்களும், டெஹ்ரி, நைனிடால் பக்கம் கொஞ்சமும் சேர்ந்தது. பத்ரிநாத்தும் கேதார்நாத்தும் அதற்குள்தான். ஒரு பள்ளத்தாக்கில் ஓட்டுக் கேட்டுவிட்டு, கண்ணுக்கு நேரே எதிரே தெரியும் ஊருக்குப் போக அரைநாள் ஆகும். வயல் என்பது மலைச்சரிவில் படிக்கட்டு மாதிரி வெட்டிய துண்டு நிலம். விளைவது வீட்டுக்கே போதாது. அதனால் ஆம்பிளைகள் பட்டாளத்துக்குப் போனார்கள், மாசாமாசம் மணியார்டர் வந்தது, அந்தப் பணத்தில் ஊர் நடந்தது. நிலத்து வேலை, மாடு, விறகு, தண்ணீர் எல்லாம் பெண்கள் தலையில்.

நான் அந்தப் பக்கம் முதலில் இறங்கியது கோட்துவார் ஸ்டேஷனில். மலைக்கு ஏறும் வழியில் கடைசி ரயில்நிலையம் அது. பிளாட்பாரம் முழுக்கக் கறுப்பு டிரங்குப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயிண்டில் நம்பர், ராங்க், பெயர். பெட்டிமேல் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த பையன்கள் எல்லாம் நேகி, ராவத், பிஷ்ட் என்று அந்த மலைக் குடும்பப் பெயர்கள். அங்கிருந்து மேலே ஏறினால் லேன்ஸ்டவுன், கர்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவின் தலைமையகம், 1887-ல் இருந்து அங்கேதான். ஒரு டீக்கடையில் நான் சாப்பர் என்று சொன்னதும் கடைக்காரம்மா காசு வாங்க மாட்டேன் என்றார். மகன் காஷ்மீரில் இருந்தானாம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஜெனரல் வந்து கும்பிட்டால் ஓட்டு விழத்தான் செய்யும். அதை "நாடு நேராகும்" என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த மலையில் ஜெனரல் என்பது ஊர்ப் பெரியவர் மாதிரி ஒரு தகுதி, அவ்வளவுதான்.

ஜூன் 5, மதியம் 1.05

அந்த மலையில் இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. தர்வான் சிங் நேகி என்று ஒரு நாயக், 1914-ல் பிரான்சில் பிரிட்டிஷ் ராணுவத்தின் மிகப் பெரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவே போர்முனைக்கு வந்து அந்தப் பதக்கத்தை அவர் சட்டையில் குத்திவிட்டார். அப்போது ராஜா "என்ன வேண்டும், கேள்" என்றதாகவும், இவர் நிலமும் பணமும் கேட்காமல், கர்ணபிரயாகையில் ஒரு பள்ளிக்கூடமும் அதுவரைக்கும் ஒரு ரயில் பாதையும் கேட்டதாகவும் அந்தப் பக்கம் சொல்வார்கள். பள்ளிக்கூடம் வந்துவிட்டது. ரயில் பாதை? ரிஷிகேஷில் இருந்து கர்ணபிரயாகை வரை 125 கிலோமீட்டர், அதில் நூறுக்கு மேல் சுரங்கம். நூறு வருஷம் கழித்துத்தான் மலையைக் குடையவே ஆரம்பித்தார்கள்.

ஓட்டுரிமையே இல்லாத காலத்தில் தொகுதிக் கோரிக்கை வைத்த பட்டாளத்துக்காரர் அவர். எம்.பி. என்றால் எனக்கு முதலில் அவர் நினைவுதான் வருகிறது.

ஜூன் 5, இரவு 8.50

"அப்போ அங்கே ஜெனரல் நின்றால் எப்பவும் ஜெயிப்பார்னு சொல்றீங்களா?" என்று ஒரு கேள்வி.

இல்லையே. 1996-ல் சத்பால் மகராஜ் அவரைத் தோற்கடித்தார். அவர் ஆன்மிகச் சொற்பொழிவு செய்கிறவர். சாமியாரிடம் தளபதி தோற்றார். மலைக்காரர்கள் சல்யூட்டும் அடிப்பார்கள், சத்சங்கத்துக்கும் போவார்கள்.

இன்னொன்று. "எந்த அரசியல் பின்னணியும் இல்லாமல் வந்தார்" என்று கேள்வியிலேயே தொனி இருக்கிறது. கண்டூரி, ஹேம்வதி நந்தன் பகுகுணாவின் உறவு. பகுகுணா உத்தரப்பிரதேச முதல்வராக இருந்த பெரிய தலை, 1982-ல் இதே கர்வாலில் இடைத்தேர்தலில் காங்கிரஸை எதிர்த்து ஜெயித்தவர். ஆகவே முழுக்கக் களத்துக்குப் புதுசான ஆள் என்று சொல்ல முடியாது. சீருடை ஒரு பக்கம், குடும்பப் பெயர் இன்னொரு பக்கம்.

ஜூன் 6, காலை 10.20

சாலைத்துறைக்கு வருவோம். அவரைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் சொல்வது கறார், நேர்மை, காலக்கெடு. மூன்றும் உண்மைதான். பொறியாளர் பிரிவில் வளர்ந்த ஆளுக்கு ஒரு பாலம் எத்தனை நாளில் முடியும் என்று கான்ட்ராக்டர் ரீல் விட முடியாது. எங்கள் பட்டாளத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் பாலம் போட்டு விடியும்போது டாங்கிகளை அந்தப் பக்கம் அனுப்புவதுதான் பயிற்சியே. அந்தப் புத்தி நெடுஞ்சாலைக்கு உதவியது. 2003-ல் கேபினட் அமைச்சராகவே உயர்த்தினார்கள்.

ஆனால் அதே வருஷம் நவம்பர் 27-ல் கயாவில் சத்யேந்திர துபே சுட்டுக்கொல்லப்பட்டார். ஞாபகம் இருக்கிறதா? தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இளம் பொறியாளர், கான்பூர் ஐஐடியில் படித்தவர். நாற்கரச் சாலையில் கான்ட்ராக்ட் முறைகேடு நடக்கிறது என்று பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார், பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியும் கேட்டார். அந்தக் கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போனது. பிற்பாடு நீதிமன்றம் வழிப்பறிக் கொலை என்றுதான் தண்டனை கொடுத்தது, அதைப் பலர் இன்றைக்கும் நம்பவில்லை, அது வேறு விவாதம். நான் சொல்ல வருவது இது: மேலே நேர்மையான ஜெனரல் இருக்கிறார், துறை கறாராக ஓடுகிறது, அப்படியும் கீழே ஒரு ஆள் "இங்கே திருட்டு நடக்குது" என்று சொல்ல வழி இல்லை. கண்டூரி தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. மேலிருந்து உத்தரவு இறங்குவதற்கு ராணுவம் எட்டுவழிச் சாலை போட்டு வைத்திருக்கும். கீழிருந்து புகார் ஏறுவதற்கு ஒற்றையடிப் பாதைதான். அங்கே பழகியவர் அமைச்சரானாலும் அந்த வழி தானாக அகலமாகிவிடாது.

ஜூன் 6, மாலை 5.45

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒரு முன்னாள் சுபேதார் சண்டைக்கு வந்திருக்கிறார், "தர்பார் இருக்கிறதே, அதில் எல்லாரும் பேசலாமே" என்று.

ஐயா, நீங்கள் தர்பாரில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள்?

தெரியாதவர்களுக்கு: மாசத்துக்கு ஒரு தடவை யூனிட் முழுவதையும் ஹாலில் உட்கார வைத்து சிஓ, அதாவது யூனிட்டின் தலைமை அதிகாரி, பேசுவார். ஒழுக்கம், லீவு, பாதுகாப்பு, அடுத்த மாச வேலை. முடிவில் "கிஸி கா கோயி பாயிண்ட்?" என்பார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அர்த்தம். முன்வரிசையில் சுபேதார் மேஜர் மீசையைத் தடவிக்கொண்டு மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்ப்பார். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். "நோ பாயிண்ட், சாப்." ஒரு தடவை எங்கள் செட்டில் ஒரு மதுரைப் பையன் எழுந்து நின்று, லங்கரில், அதாவது யூனிட் சாப்பாட்டுக் கூடத்தில், பருப்பு தண்ணியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டான். சிஓ நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே "சரிசெய்யப்படும்" என்றார். பருப்பு கெட்டியாகிவிட்டது. மதுரைப் பையனுக்குத் தீபாவளி லீவு கிடைக்கவில்லை. யார் உத்தரவு என்று கேட்டால் யார் உத்தரவும் இல்லை.

இப்போது அந்த ஹாலை ஒரு தொகுதியாக நினைத்துப் பாருங்கள். எம்.பி.யின் வேலையே அந்த மதுரைப் பையனைப் பேச வைப்பது.

ஜூன் 7, காலை 6.50

முதல்வர் கதை. 2007 மார்ச்சில் உத்தராகண்டில் பாஜக ஜெயித்தது, டெல்லியில் இருந்து எம்.பி. கண்டூரியைக் கொண்டுவந்து முதல்வராக உட்கார வைத்தார்கள். அவர் எம்.எல்.ஏ. கிடையாது, ஆறு மாசத்துக்குள் ஒரு தொகுதி வேண்டும். காலி செய்து கொடுத்தவர் யார் தெரியுமா? காங்கிரஸ் எம்.எல்.ஏ., அவரும் ஓய்வு பெற்ற ஜெனரல்! லெப்டினன்ட் ஜெனரல் டி.பி.எஸ். ராவத், தூமாகோட் தொகுதியை விட்டுக்கொடுத்துவிட்டு பாஜகவுக்கே வந்துவிட்டார். கண்டூரி தூமாகோட்டில் ஜெயித்தார். கண்டூரி விட்ட கர்வால் எம்.பி. இடத்துக்கு 2008 இடைத்தேர்தலில் ராவத் நின்று ஜெயித்தார். லெப்டினன்ட் ஜெனரல், மேஜர் ஜெனரலுக்கு ஒரு படி மேல். சீனியர் எழுந்து நின்று ஜூனியருக்கு நாற்காலி கொடுத்தார், ஜூனியர் தன் பழைய நாற்காலியை சீனியருக்குக் கொடுத்தார். மெஸ்ஸில் இது நடந்திருந்தால் யார் முதலில் சல்யூட் அடிப்பது என்றே விடிய விடியப் பேசியிருப்பார்கள்.

"பட்டாளத்துக்காரர் கட்சி தாவ மாட்டார்" என்று கேள்வி கேட்டவர் இன்னொரு இடத்தில் எழுதியிருந்தார். ஹூம்.

முதல்வராக அவர் கறாராகத்தான் இருந்தார். சொந்தக் கட்சிக்காரர்களுக்கே அது பிடிக்கவில்லை. பார்க்க முடியவில்லை, கேட்டால் கடிந்து விழுகிறார், அதிகாரம் எல்லாம் ஒன்றிரண்டு அதிகாரிகள் கையில் என்று புகார். 2009 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் ஐந்து தொகுதியும் காங்கிரஸுக்குப் போனது. அந்த ராவத்தும் சத்பால் மகராஜிடம் தோற்றார். கண்டூரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவருக்கு எழுந்து நின்று சல்யூட் அடிப்பேன். தோற்றால் கமாண்டர்தான் பொறுப்பு என்பது எங்கள் பாடம், அதை அவர் அரசியலில் செய்தார், வேறு யார் செய்கிறார்கள்?

அப்புறம் முதல்வராக வந்தவர் ஆட்சி மேல் ஊழல் புகார் கிளம்பியதும், 2011 செப்டம்பரில் கட்சியே அவரைக் கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்தது. தேர்தலுக்கு ஆறு மாசம்கூட இல்லை. வந்த வேகத்தில் லோக் ஆயுக்தா என்ற ஊழல் விசாரணை அமைப்புக்குச் சட்டம், முதல்வரையும் விசாரிக்கலாம் என்று. ஊழலுக்கு எதிராகப் போராடிய அண்ணா ஹசாரே தரப்பு பாராட்டியது. "கண்டூரி ஹை ஜரூரி" என்று கோஷம், அதாவது கண்டூரி இல்லாமல் ஆகாது. 2012-ல் முடிவு வந்தது: மொத்தம் 70-ல் காங்கிரஸ் 32, பாஜக 31. அந்த ஒரு இடம்? கோட்துவாரில் கண்டூரியே தோற்றுப்போனார், நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில். ஜெயித்திருந்தால் கணக்கே மாறியிருக்கும். காங்கிரஸ் முதல்வராக வந்தவர் விஜய் பகுகுணா, மேலே சொன்ன பகுகுணாவின் மகன். வீட்டுக்குள்ளேயே கைமாறியது.

ஜூன் 7, இரவு 9.10

கோட்துவார் தோல்விக்குச் சொந்தக் கட்சிக்காரர்களே குழிபறித்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்போது எல்லாரும் பேசியதும் அதுதான். இருக்கலாம். ஆனால் குழிபறிக்கிறவன் எல்லாக் கட்சியிலும் இருப்பான். தொகுதியில் டீ குடித்துக்கொண்டே எவன் எங்கே தோண்டுகிறான் என்று தெரிந்து வைத்திருப்பதும் அரசியல்வாதிக்கு வேலைதான். பட்டாளத்தில் கண்ணிவெடி எதிரி பக்கம் இருக்கும், இங்கே நம் பந்தலுக்குக் கீழே இருக்கும்.

ஜூன் 8, மதியம் 2.30

வேறு உதாரணம் கேட்டவருக்கு. 2014, பார்மேர், ராஜஸ்தான் பாலைவனம். மேஜர் ஜஸ்வந்த் சிங், வெளியுறவு, நிதி, பாதுகாப்பு என்று எல்லாத் துறையும் பார்த்தவர், ஜசோல் கிராமத்துக்காரர். சொந்த மண்ணில் கடைசியாக ஒரு தடவை நிற்கிறேன் என்றார். கட்சி சீட் கொடுக்கவில்லை. கொடுத்தது காங்கிரஸில் இருந்து அப்போதுதான் வந்த கர்னல் சோனாராம் சவுத்ரிக்கு. மேஜர் சுயேச்சையாக நின்றார், கர்னல் ஜெயித்தார். இரண்டு பேரும் பட்டாளம்தான். ஓட்டு விழுந்தது ஜாதிக் கணக்கில், கட்சி அலையில். எந்த ரெஜிமென்ட் என்று யாரும் கேட்கவில்லை.

கர்னல் ராஜ்யவர்தன் ராத்தோரையும் சொல்கிறீர்கள், ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வாங்கியவர். அவர் எம்.பி.யாக இருந்த தொகுதியின் பெயரே ஜெய்ப்பூர் ஊரகம். சரி, பெயரில் ஊரகம் இருக்கிறது!

ஜூன் 9, காலை 8.15

இப்போது என் வயிற்றுப்பாட்டு விஷயம். ஒரே பதவி ஒரே பென்ஷன். 1990-ல் ரிட்டயர் ஆன ஹவில்தாரும் 2010-ல் ரிட்டயர் ஆன ஹவில்தாரும் ஒரே சர்வீஸ் போட்டிருந்தும் பென்ஷனில் ஏன் அவ்வளவு வித்தியாசம் என்று நாங்கள் கத்திக்கொண்டே இருந்தோம். பார்லிமென்டில் ஜெனரல்கள், கர்னல்கள், மேஜர்கள் எல்லாரும் இருந்த காலம்தான். எங்களுக்குக் கடைசியில் கையில் பிடித்துக்கொள்ள ஒரு பேப்பர் கொடுத்தது எது? ராஜ்யசபா மனுக்கள் குழுவின் 2011 அறிக்கை. கோஷியாரி கமிட்டி என்போம். ஒரே பதவி ஒரே பென்ஷன் என்றால் என்ன என்று தெளிவாக வரையறை செய்து, கொடுக்கத்தான் வேண்டும் என்று சொன்னது. 2015-ல் அரசு அறிவித்ததை எதிர்த்து டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தவர்கள் கையிலும் அந்த அறிக்கைதான் இருந்தது.

அந்தக் குழுவின் தலைவர் பகத் சிங் கோஷியாரி பட்டாளத்துக்காரர் இல்லை. வாத்தியார் வேலை பார்த்தவர். அதே உத்தராகண்ட், அதே பாஜக. அதுவும் கண்டூரியை முதல்வர் நாற்காலியில் இருந்து இறக்கப் பாடுபட்ட கோஷ்டிக்குத் தலைவர்! எங்கள் ஜெனரலோடு மல்லுக்கட்டிய வாத்தியார்தான் எங்கள் ஹவில்தார் பென்ஷனுக்கு எழுத்து கொடுத்தார். இதை என்னவென்று சொல்ல.

ஜூன் 9, காலை 8.40

யாரோ "நன்றி கெட்டவன்" என்று போட்டிருக்கிறார். பென்ஷன் புத்தகத்தைக் காட்டவா?

ஜூன் 10, இரவு 10.05

இவ்வளவும் எழுதிவிட்டு, கண்டூரியை நான் ஏன் மதிக்கிறேன் என்பதை எழுதாமல் விட்டால் நியாயமில்லை. சாலைக்காக மட்டும் மதிக்கவில்லை.

2014-ல் எண்பது வயதை ஒட்டி மறுபடி நின்றார், ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். மந்திரி பதவி கொடுக்கவில்லை. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குத் தலைவர் ஆக்கினார்கள். வயசான ஆளுக்கு ஒரு மரியாதைக்காகக் கொடுத்த நாற்காலி என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

2018 மார்ச்சில் அந்தக் குழுவின் அறிக்கை வந்தது. ராணுவத் துணைத் தளபதி சரத் சந்த் குழுமுன் வந்து சொன்னது அதில் அப்படியே பதிவாகியிருந்தது. நம் தரைப்படையின் தளவாடங்களில் 68 சதவீதம் பழசு. இப்போதைய தரத்தில் இருப்பது 24 சதவீதம். அதிநவீனம் என்று சொல்லக்கூடியது 8 சதவீதம். நவீனமயமாக்கலுக்கு ஒதுக்கியது 21,338 கோடி, ஏற்கனவே ஆர்டர் போட்டவற்றுக்குக் கட்ட வேண்டிய பாக்கியே 29,033 கோடி. அதாவது புதுசாக ஒரு போல்ட் நட்டு வாங்கவும் காசில்லை. ஆளும் கட்சி எம்.பி. தலைமையில், ஆளும் கட்சி அரசைப் பார்த்து, குழு அதைக் கண்டித்து எழுதியது.

அந்த 68 சதவீதத்தை நான் கையால் தொட்டிருக்கிறேன். அதே கர்வால் மலையில், ஜோஷிமட்டுக்கு மேலே ஒரு முகாமில் எங்களுக்கு இருந்த புல்டோசர், என் வயசுக்குக் கொஞ்சம்தான் இளசு. பனிக்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஆபரேட்டர் திருநெல்வேலிக்காரர், நாலு மணிக்கே எழுந்து என்ஜின் சம்ப்புக்கு அடியில் தகரத்தில் மண்ணைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரியவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பார். எண்ணெய் இளகினால்தான் செல்ப் சுத்தும். பார்ட்ஸ் வேண்டும் என்று கடிதம் போடுவோம், பதில் வரும், பார்ட்ஸ் வராது. ஆய்வுக்கு யாராவது பெரியவர் வருகிற அன்று மட்டும், முந்தின ராத்திரி முழுக்க என்ஜினை அணைக்கவே மாட்டோம். அவர் வந்து பார்க்கும்போது டோசர் கம்பீரமாக உறுமிக்கொண்டு நிற்கும். "எல்லாம் சரியாக இருக்கிறதா?" "சரியாக இருக்கிறது, சாப்."

கண்டூரி 36 வருஷம் அந்தப் பக்கத்தில் இருந்தவர். ஆய்வுக்கு வருகிற பெரியவராகவும் இருந்திருப்பார், ராத்திரி முழுக்க என்ஜினை ஓடவிடச் சொன்ன இளம் அதிகாரியாகவும் இருந்திருப்பார். உறுமுகிற டோசரைப் பார்த்து ஏமாறாத ஆள். சீருடையில் இருக்கும்போது கேட்க முடியாத கேள்வியை எம்.பி.யாகிக் கேட்டார். வாத்தியார் எம்.பி.யாலோ வக்கீல் எம்.பி.யாலோ இந்த இடத்தில் அப்படிக் கேட்டிருக்க முடியுமா, எனக்குச் சந்தேகம்தான். பட்டாளத்து ஆள் சபைக்குப் போவதில் லாபம் என்றால் அது இதுதான், சாலை போடுவது இல்லை. சாலை போட நல்ல இன்ஜினியர் போதும்.

கூலி என்ன கிடைத்தது? அந்த வருஷம் செப்டம்பரில் அவரை எடுத்துவிட்டு, குழுத் தலைவர் பதவியில் இன்னொரு பாஜக எம்.பி. கல்ராஜ் மிஸ்ராவை உட்கார வைத்தார்கள். உடல்நிலை என்று ஒரு காரணமும் காற்றில் வந்தது. 2019-ல் அவர் மகன் மணீஷ் காங்கிரஸில் சேர்ந்தபோது ராகுல் காந்தி டேராடூன் மேடையில் இதைத்தான் சொன்னார், பாதுகாப்பு பற்றிக் கேள்வி கேட்டதற்காக நீக்கினார்கள் என்று. அரசியல் பேச்சுதான், ஆனால் கேள்வி கேட்டதும் நாற்காலி போனதும் இரண்டுமே நடந்தவை.

ஜூன் 11, காலை 11.30

ஆமாம், கண்டூரியின் மகன் அப்போது காங்கிரஸ். மகள் ரிது பாஜக, 2017-ல் யமகேஷ்வர் எம்.எல்.ஏ., 2022-ல் அப்பா தோற்ற அதே கோட்துவாரில் ஜெயித்து சட்டமன்ற சபாநாயகர் ஆனார். மகன் 2019-ல் கர்வாலில் நின்று தீரத் சிங் ராவத்திடம் தோற்றார். தீரத் யார் என்றால் கண்டூரியின் சிஷ்யப்பிள்ளை என்று ஊரே சொல்லும். மகனும் சிஷ்யனும் எதிரெதிரே, இரண்டு பேர் வாயிலும் ஜெனரல் பெயர். 2024 தேர்தலுக்கு முன்னால் மகனும் பாஜகவுக்குப் போய்விட்டார். வாரிசு அரசியலை ஒழிக்கத்தான் பட்டாளத்துக்காரர் வேண்டும் என்று எழுதியவர் இன்னும் இங்கே இருக்கிறாரா?

ஜூன் 12, மாலை 4.20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "அதெல்லாம் சரி, அவர் தொகுதி முன்னேறியதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்கிறார். இதுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ரோடு வந்தது, நிச்சயம் வந்தது. ரோடு வழியாக ஜனம் இறங்கிப் போய்விட்டது. 2001 கணக்கெடுப்புக்கும் 2011-க்கும் நடுவில் பௌரி கர்வால் மாவட்டத்தில் மக்கள்தொகை குறைந்தது. நாடெங்கும் பெருகும்போது அங்கே குறைந்தது. அதே மாநிலத்து அல்மோரா மாவட்டமும் அப்படியே. மாநில அரசு இடப்பெயர்வு ஆணையம் என்று ஒன்றைப் பௌரியிலேயே வைத்தது. அதன் 2018 அறிக்கை, 2011-க்குப் பிறகு 734 ஊர்கள் ஆளில்லாமல் போயின என்கிறது. ஆள் இல்லாத ஊர் என்றால் கற்பனை செய்துகொள்ளுங்கள்: கல்வீடு, கற்பலகைக் கூரை இடிந்து உள்ளே விழுந்திருக்கும், கதவில் மட்டும் பூட்டு பத்திரமாகத் தொங்கும். ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவதில்லை, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வருவதில்லை, காட்டுப்பன்றியும் குரங்கும் பயிரை விடுவதில்லை. மணியார்டர் அனுப்பின தலைமுறை இப்போது பெண்டாட்டி பிள்ளைகளை டேராடூனுக்கே கூட்டிவந்துவிடுகிறது. இதை ஒரு எம்.பி. தலையில் கட்ட நான் தயாரில்லை. ஆனால் ஐந்து தடவை எம்.பி., இரண்டு தடவை முதல்வர், நாட்டுக்கே சாலை போட்ட அமைச்சர், அவ்வளவு கறாரான மனுஷர் இருந்த தொகுதியில்தான் இது நடந்தது. "ஐந்தே வருஷத்தில் நேராகிவிடும்" என்றீர்களே, அதற்குப் பதில் இது.

ஜூன் 12, இரவு 9.55

கடைசியாக, "அப்போ எங்கள் தொகுதியில் ஒரு ரிட்டயர்டு கர்னல் நிற்கிறார், ஓட்டுப் போடலாமா கூடாதா?" என்று கேட்டவருக்கு. தாராளமாகப் போடுங்கள், பிடித்திருந்தால். ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று உங்கள் தெருச் சாக்கடை பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் நிற்கிற ஆட்கள் உங்களை எப்படித் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள்.

நாளைக்குப் பட்டாளத்து கேன்டீன் நாள், வேலூர் போகிறேன். க்யூவில் நின்றுகொண்டு பதில் எழுத முடியாது. மீதிச் சண்டையை அந்த சுபேதார் ஐயாவோடு வைத்துக்கொள்ளுங்கள்.